கடைசி மூன்று சுருள்

சினிமாப் படம் ஊருக்குப் பெட்டியில் வரும். பெட்டிக்குள் வட்டமான தகர டப்பாக்கள். டப்பாவுக்கு ஒரு சுருள். ஒரு சுருளின் நீளம் சுமார் ஆயிரம் அடி, ஓடும் நேரம் பதினோரு நிமிடம். ஓர் அடிக்குப் பதினாறு சின்னப் படங்கள். அவற்றை வெயிலில் தூக்கிப் பிடித்தால் ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் அசையாமல் நிற்பதைப் பார்க்கலாம். நொடிக்கு இருபத்து நான்கு படம் என்ற வேகத்தில் ஒளிக்கு முன்னால் ஓடவிட்டால் அதே மனிதர் நடப்பார், பாடுவார், சாவார். பதினைந்து சுருள் இருந்தால் ஒரு முழுப் படம்.

ஒரே பெட்டியை இரண்டு தியேட்டர்கள் பகிர்ந்துகொள்வதும் உண்டு. அங்கே முதல் சுருள் ஓடி முடிந்ததும் ஒருவர் அதை சைக்கிளில் கட்டி இங்கே கொண்டுவருவார். இங்கே முக்கால் மணி நேரம் தாமதமாக ஆரம்பித்தால் போதும். ஓர் அலுவலகம் இதைக் கையில் எடுக்கும்வரை இதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை.

அந்த அலுவலகம் பிறந்த வரலாறு இது. மேட்டூர் அணை ஜூன் பன்னிரண்டாம் தேதி திறக்கப்படாத இரண்டாவது வருடம். ஆறுகளில் மணல் மட்டும் இருந்தது. நடவு இல்லாததால் ஆட்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் துபாய்க்கும் பஸ் ஏறினார்கள். வயல்களுக்குத் தண்ணீரை முறைவைத்துத் திறந்துவிடும் பாசனத்துறை ஊழியர்களோ பஸ் ஏற முடியாது, அவர்களுக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. அந்தச் சமயத்தில் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை: புதிய பொருளாதாரக் காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தன்னால் என்ன பயன் என்று எழுதித்தர வேண்டும். செயற்பொறியாளர் குஞ்சிதபாதம் ஒரு வாரம் யோசித்து எழுதினார்: “எமது பிரிவுக்குப் பங்கிடத் தெரியும். எதை என்பது முக்கியமல்ல.”

இப்படித்தான் திரைப்படப் பங்கீட்டுக் கோட்டம் உண்டாயிற்று. தஞ்சாவூர் தலைமடை. மன்னார்குடி நடுமடை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே உப்புக்காற்று அடிக்கும் பனையடிக்குத்தகை கடைமடை. பெட்டி தஞ்சாவூரில் திறக்கப்படும். சுருள்கள் ஒவ்வொன்றாக பஸ்ஸில் கீழே இறங்கும். மதகுப் பலகையை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த லஸ்கர்கள் இனி சுருள் டப்பாவை ஏற்றி இறக்குவார்கள்.

பாசனத்தில் எந்த வயல் எந்த மடையில் பாய்கிறது என்பதற்குப் பதிவேடு உண்டு. ஆகவே இதிலும் ஒரு பதிவேடு வேண்டியதாயிற்று. ஒவ்வொரு குடும்பமும் தனக்குப் பிடித்த தியேட்டர் ஒன்றைப் பசலி என்ற நிலவரி ஆண்டு தொடங்கும் ஜூலை ஒன்றாம் தேதிக்குள் பதிய வேண்டும். பதிந்த தியேட்டரில்தான் அந்த வருடம் முழுவதும் படம் பார்க்கலாம். வேறு தியேட்டரில் டிக்கெட் எடுத்தால் அது வாய்க்காலை வெட்டிவிட்டுத் தண்ணீர் திருடியதற்குச் சமம்.

பனையடிக்குத்தகையில் இருந்தது ஒரே தியேட்டர், விண்ணரசி டாக்கீஸ். அதை நடத்தியவர் இருதயசாமி. மாதாவின் பெயரை வைத்திருந்ததால் பீடி விளம்பர ஸ்லைடு போடமாட்டார். தொடக்கவிழாவும் அங்கேதான் நடந்தது. குஞ்சிதபாதம் பேசினார்.

“இதுநாள்வரை உங்களுக்குப் புதுப்படம் எப்ப வந்துது? ஆறு மாசம் கழிச்சு, கோடு விழுந்து, மழை பெய்யற மாதிரி. இனிமே தஞ்சாவூர்ல ரிலீஸ் ஆகுற அன்னைக்கே இங்கயும் ரிலீஸ்!”

கைதட்டல் கூரையைத் தூக்கியது. உண்மையிலேயே நல்ல செய்திதான்.

“நான் இருபத்தாறு வருஷம் சர்வீஸ். ஒரு சொட்டுத் தண்ணியக்கூட கணக்கில்லாம விட்டவன் இல்ல. போன ரெண்டு வருஷம் என் ரெக்கார்டு இன்னும் சுத்தம். ஏன்னா தண்ணியே விடல.”

அதற்கும் கைதட்டினார்கள்.

முதல் படம் வந்தது. அம்சம் வழக்கமான இடத்தில், பெண்கள் பகுதியின் மூன்றாவது தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நடவு இருந்தால் நாற்று நடுபவள், இல்லாவிட்டால் கருவேலங்கட்டை வெட்டுபவள். அந்தத் தூணில் ஈரம் ஏறாது. முதுகுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். பன்னிரண்டாவது சுருளில் வில்லன் கதாநாயகியின் தம்பியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். திரை வெள்ளையாயிற்று. விளக்கு எரிந்தது.

“என்னங்க முதலாளி, கரண்டா?” என்று கேட்டாள்.

“பெட்டியே அவ்வளவுதாம்மா வந்துருக்கு” என்றார் இருதயசாமி.

மறுநாள் அவர் கோட்ட அலுவலகத்துக்குப் போனார். குஞ்சிதபாதம் அவரை உட்காரவைத்து, பொறுமையாக விளக்கினார். ஆற்றில் நூறு பங்கு தண்ணீர் திறந்தால் எண்பது பங்குதான் கடைமடைக்குச் சேரும். மண் குடிக்கும், வெயில் குடிக்கும், கரை கசியும். இந்த இருபது பங்கிற்குக் கடத்து இழப்பு என்று பெயர்.

“அது தண்ணிக்கு சார். டப்பா எங்க சார் கசியும்?”

“கசியாதுதான். அதனாலதான் பிரச்சினையே. எங்க கணக்கு ஃபார்முலாவுல இருபது பர்சென்ட் இழப்பு அச்சடிச்சே இருக்கு. பதினைஞ்சுக்கு பதினைஞ்சும் கடைமடைக்கு வந்துச்சுன்னா, நடுவுல யாரோ கள்ளத்தனமா மூணு சேத்து விட்டிருக்கான்னு ஆடிட்ல எழுதுவான். அதனால மூணு சுருளை நாங்களே இழந்துடறோம்.”

“அந்த மூணு எப்பவும் கடைசி மூணாவே இருக்கே சார்?”

“கடைசில வர்றது அதுதானே?” என்றார் குஞ்சிதபாதம். அந்தப் பதிலில் தவறு கண்டுபிடிக்க முடியாமல் இருதயசாமி திரும்பினார்.

தியேட்டர் சுவரில் லஸ்கர் மீரா உசேன் ஓர் அளவுகோல் வரைந்தார். கீழே பூஜ்யம், மேலே பதினைந்து. ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை சுருள் வந்தது என்று சுண்ணாம்பால் கோடு போடுவார். பன்னிரண்டு. பன்னிரண்டு. பன்னிரண்டு. சித்திரை வந்ததும் ஆவியாதலுக்கு ஒன்று கூடுதலாகக் கழித்தார்கள். பதினொன்று.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள் என்பதைக் கோட்டம் முன்கூட்டியே அறிந்திருந்தது. முதல் இரண்டு மாதம் ஜனங்கள் சத்தம் போட்டார்கள். மூன்றாம் மாதம் முனகினார்கள். ஆறாம் மாதம் பதினோராவது சுருளின் நடுவிலேயே தாங்களாக எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு வெளியேறினார்கள். டீக்கடையில் ஒருவர் கதை சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நிறுத்திவிட்டு கிளாஸைக் கழுவி வைப்பார், யாரும் “அப்புறம்?” என்று கேட்பதில்லை. துபாயிலிருந்து இரண்டு மாதமாகப் பணமோ போனோ வராத ஒரு வீட்டில், அது ஏன் என்று பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள்.

பெரிய வெள்ளிக்கு இருதயசாமி வருடந்தோறும் பாஸ்கா படம் போடுவார். அந்த வருடமும் போட்டார். ஆண்டவரைச் சிலுவையிலிருந்து இறக்கினார்கள், துணியில் சுற்றினார்கள், கல்லறையை மூடினார்கள், விளக்கு எரிந்தது. ஜனங்கள் சிலுவை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பங்குச்சாமியார் கோட்டத்துக்கு எழுதினார். ஒரே வரியில் பதில் வந்தது: “உயிர்ப்பு தலைமடைக்கு மட்டும் வழங்கப்பட்டுள்ளது.”

அம்சம் மட்டும் பழகிக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

அவளுடைய தம்பி பகலவன் நடவு நின்ற முதல் வருடமே சென்னைக்குப் போனான். சினிமாவில் சண்டைக்காட்சிகளில் கீழே விழுகிற வேலை கிடைத்தது. அவனிடமிருந்து வந்த கடைசிக் கடிதத்தில் இப்படி இருந்தது: ‘அக்கா, இந்தப் படத்துல கடைசி சண்டைல பாலத்து மேலேருந்து ஆத்துல குதிக்கிறது நான்தான். குதிச்சு நீந்திக் கரைக்கு வரணும். கரைல முகத்தைக் கிட்டத்துல எடுப்போம்னு சொல்லிருக்காங்க. நம்ம டாக்கீஸ்ல பாத்துட்டு எழுது.’

அதன்பின் பதினான்கு மாதமாகக் கடிதம் இல்லை. அவள் அனுப்பிய கடிதங்கள் ‘இந்த முகவரியில் இல்லை’ என்று திரும்பிவந்தன. அந்தப் பாலத்துப் படப்பிடிப்பில் ஒருவன் மேலே வரவில்லை என்று திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டில் யாரோ சொன்னார்கள். அம்சத்தின் கணக்கு எளிமையானது. படத்தில் அவன் கரையேறினால் உயிரோடு இருக்கிறான். அவள் அந்தக் கடைசிச் சுருளைப் பார்க்க வேண்டும்.

தீபாவளிக்கு அந்தப் படம் வந்தது. சுவரில் கோடு பன்னிரண்டு. பன்னிரண்டாவது சுருளின் கடைசியில் தூரத்தில் ஒரு பாலம் தெரிந்தது. விளக்கு எரிந்தது.

தஞ்சாவூரில் அதைப் பார்த்துவிட்டு வந்த கண்டக்டரைப் பிடித்தாள்.

“பாலத்துலேருந்து ஒருத்தன் குதிக்கிறானே, அவன் மேல வந்தானா தம்பி?”

“கடைசி பத்து நிமிஷம் யாருக்கா பாக்குறா? மொதல்ல எந்திரிச்சாத்தான் பைக்க எடுக்க முடியும்.”

தலைமடையில் முடிவு தாராளமாகக் கிடைத்ததால் அதை யாரும் பார்ப்பதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து, சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த சகாயராஜ் ஒரு சிடி வைத்திருந்தான். தியேட்டரில் ஒளித்துவைத்த கேமராவில் எடுத்த படம். அவன் வீட்டு டிவி முன்னால் அம்சம் தரையில் உட்கார்ந்தாள். பாலம் வந்தது. பாலத்தின் விளிம்பில் ஒருவன் நின்றான். நிற்கிற வாகைப் பார்த்தே அவள் “பகலவா!” என்றாள். அவன் குதித்தான். அந்த நொடியில் திரைக்கு முன்னால் ஒரு தலை எழுந்தது. இன்னொரு தலை. பிறகு வரிசை வரிசையாகத் தலைகள், பைக் எடுக்கப்போகும் தஞ்சாவூர்த் தலைகள், ஆற்றை முழுக்க மறைத்தன.

“கொஞ்சம் தள்ளச் சொல்லேன் தம்பி” என்றாள்.

“ரெக்கார்டு பண்ணுனது அது, அக்கா” என்றான் சகாயராஜ், வருத்தத்தோடு.

மறுநாள் கோட்டம் வந்து, அனுமதியில்லாத ஆழ்குழாய்க் கிணறு என்ற பிரிவின்கீழ் டிவியையும் சேர்த்து எடுத்துப்போயிற்று.

மிச்சமிருந்தது ஒரு வழி: பிடித்த தியேட்டரைத் தஞ்சாவூருக்கு மாற்றுவது. இதற்கு மடை மாற்று மனு என்று பெயர். மனு போட்டுப் பத்து மாதம் கழித்து விசாரணை வைத்தார்கள். அம்சம் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு போனாள்.

“எதுக்கும்மா தஞ்சாவூர் தியேட்டர் கேக்குற?” என்றார் குஞ்சிதபாதம்.

“கடைசி சுருளைப் பாக்கணுங்க. என் தம்பி அதுல இருக்கான்.”

“அது காரணக் கலத்துல வராது. உனக்கு எந்த தியேட்டர் பிடிக்கும்? உண்மையச் சொல்லு. பொய் சொன்னா கேஸ்.”

அம்சத்துக்குப் பொய் வராது. “பிடிச்சது விண்ணரசிதாங்க. மூணாவது தூண்ல சாஞ்சு உக்காருவேன். தம்பியும் நானும் அங்கதான்...”

குஞ்சிதபாதம் பேனாவைக் கீழே வைத்தார். அவருக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

“பாத்தியா, பிடிச்சது ஒரு மடை, பாக்க ஆசைப்படறது இன்னொரு மடை. இது ரெட்டை அனுபோகம். உன்னை விட்டா நாளைக்கு எல்லாரும் முடிவு வேணும்னு கிளம்பிடுவாங்க. கடைமடைல இருந்துக்கிட்டு முடிவு கேக்கலாமா? நாங்க என்ன வச்சுக்கிட்டா இல்லைங்கறோம்?”

இந்தக் கடைசி வாக்கியம் அவள் மனதில் தங்கிவிட்டது. வெளியே வந்து மீரா உசேனிடம் கேட்டாள்.

“பாய், இழந்த சுருளையெல்லாம் எங்க வச்சிருக்காங்க?”

மீரா உசேன் நான்கு பக்கமும் பார்த்தார். முப்பது வருடம் மதகு தூக்கிய கை. பொய் சொல்லும்போது அந்தக் கை நடுங்கும். நடுங்காமல் சொன்னார். “சைபன்ல.”

ஓர் ஆறும் ஒரு வாய்க்காலும் குறுக்கே சந்தித்தால் வாய்க்காலை ஆற்றுக்கு அடியில் சுரங்கம் போட்டுக் கடத்துவார்கள். ஒரு பக்கம் இறங்கிய தண்ணீர் மறுபக்கம் தானாக ஏறிவிடும். பம்பு கிடையாது, ஆள் கிடையாது. மட்டம் செய்கிற வேலை. அழகான ஏற்பாடு. அதற்குத்தான் சைபன் என்று பெயர். படச்சுருள் கெடாமலிருக்க இருட்டு, குளிர்ச்சி, உலர்ந்த இடம் மூன்றும் வேண்டும். மாவட்டம் முழுவதும் தேடிய கோட்டம், ஈரமே இல்லாத இடம் வாய்க்கால்தான் என்று அறிக்கை கொடுத்திருந்தது.

அவளை மீரா உசேன் ஒருநாள் கூட்டிப்போனார். இரும்புக் கிராதிக்குப் பின்னால் டார்ச் அடித்தார். டப்பாக்கள் தரையிலிருந்து கூரைவரை அடுக்கியிருந்தன. இரண்டு வருடத்தின் எல்லா முடிவுகளும் அங்கே இருந்தன. எல்லாக் கல்யாணங்களும், பழிவாங்கல்களும், பாஸ்கா படத்தின் உயிர்ப்பும். உள்ளிருந்து பழைய பிலிமின் புளித்த வாடை வந்தது.

“தொறங்க பாய்.”

“சீல் வச்சிருக்கும்மா. சாவி ஆபீஸ்ல. வர்ற வெள்ளிக்கிழமை சார் டிரெய்னிங்குக்கு ஏதோ ஸ்டார் ஹோட்டலுக்குப் போறாரு. ஜும்மா தொழுதுட்டு சாவியோட வர்றேன். மெஷின்லாம் வேணாம். வெயில்ல புடிச்சு ஒவ்வொரு படமா பாப்போம். உன் தம்பி கரையேறினானா இல்லையான்னு பாத்துருவோம்.”

அம்சம் நாளை எண்ணினாள். ஐந்து நாள்.

மூன்றாம் நாள், முன்னறிவிப்பில்லாமல் திறந்த மேட்டூர்த் தண்ணீர் சைபன் மதகுக்கு வந்துவிட்டது. புரட்டாசி மாதம், யாரும் எதிர்பாராத மழை மேற்கே. ஊரே ஆற்றங்கரைக்கு ஓடியது. இத்தனை வருடத்துக்குப் பிறகு தண்ணீர். கிராதிச் சாவிக்காக மீரா உசேன் குஞ்சிதபாதத்துக்குப் போன் செய்தார். அந்தப் பேச்சு அலுவலகத்தில் பதிவாகியிருக்கிறது.

“சார், சைபனுக்குள்ள பெட்டி இருக்கு சார். ரெண்டு மணி நேரம் குடுங்க. எடுத்துடறேன்.”

“பெட்டிய எடுக்க தனி ஆர்டர் வேணும். அது சினிமா ஃபைல். தண்ணி விடறது தண்ணி ஃபைல். தண்ணி ஆர்டர் வந்துடுச்சு.”

“அதுல ஒரு பொம்பளையோட தம்பி இருக்கான் சார்.”

“ஷட்டரைத் தூக்குங்க, மீரா உசேன்.”

அவர் தூக்கினார். முப்பது வருடத்தில் முதல்முறையாக அந்தச் சக்கரம் அவருக்குக் கனமாக இருந்தது. தண்ணீர் சுரங்கத்துக்குள் இறங்கிற்று. அது மறுபக்கம் ஏறுவதற்கு வழக்கத்தைவிட நேரமாயிற்று. பிறகு ஒரு சத்தம். நூற்றுக்கணக்கான தகர டப்பாக்கள் ஒரே நேரத்தில் உருளும் சத்தம். கிராதி பிடுங்கிக்கொண்டது.

சுருளின் மேல் படம் எப்படி ஒட்டியிருக்கிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அது பிளாஸ்டிக்கில் அச்சடித்ததல்ல. மேலே பூசிய மெல்லிய ஜெலட்டின் படலத்துக்குள் இருக்கிறது. அந்தப் படலம் வெந்நீரில் போட்ட பசைபோல, ஊறினால் இளகும். நான்கு நாள் ஊறி, மணலில் உரசி வந்தால் வழிந்துபோகும்.

சைபனிலிருந்து கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நான்கு நாள் ஆயிற்று.

பனையடிக்குத்தகையில் பூவும் நெல்லும் தூவ எல்லாரும் கரையில் நின்றார்கள். ஜீப்பில் குஞ்சிதபாதமும் வந்திருந்தார். முதலில் நுரை வந்தது, பிறகு சருகு, பிறகு தண்ணீர். தண்ணீரோடு சேர்ந்து, நாணல் மாதிரி, பாம்பு மாதிரி, மைல் கணக்கில் படச்சுருள்கள் வந்தன. மதகில் சிக்கின, கருவேல முள்ளில் சிக்கின, தண்ணீரைக் கண்டு இறங்கிய எருமைகளின் கொம்பில் சுற்றிக்கொண்டன. தூவிய பூக்கள் அவற்றில் மாட்டி நின்றன. 

முதலில் பேசியது குஞ்சிதபாதம். அவருடைய முகம் மலர்ந்தது.

“கடைசி மூணு சுருளும் வந்துடுச்சு! இழப்பே இல்ல! பாருங்க, நாங்க எதையும் வச்சுக்கல!”

மீரா உசேனைக் கூப்பிட்டு, தியேட்டர் சுவர் அளவுகோலில் பதினைந்தாவது கோட்டைப் போடச் சொன்னார். அவர் போய்ப் போட்டுவிட்டு வந்தார். கை நடுங்கியிருந்ததால் கோடு கோணலாக இருந்தது.

அம்சம் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். ஒரு சுருளை எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். ஓரத்துத் துளைகள் அப்படியே இருந்தன. துளைகளுக்கு நடுவே, அடிக்குப் பதினாறு கட்டமாக, ஒன்றுமில்லை. அடுத்த அடியை இழுத்தாள். அடுத்த அடியை.

கரையிலிருந்து இருதயசாமி கேட்டார். “அம்சம், ஏதாவது தெரியுதாம்மா?”

“வானம் தெரியுதுங்க.”

பங்கீட்டு விதிப்படி, முடிவு வந்துசேர்ந்ததற்குக் கடைமடைப் பயனாளி ஒருவர் கையெழுத்திட வேண்டும். இல்லாவிட்டால் கோப்பை மூட முடியாது. மனு கொடுத்தவள் அம்சம் என்பதால் அவளிடமே வாங்கச் சொன்னார் குஞ்சிதபாதம். மீரா உசேன் பதிவேட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். அவளருகில் வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

“பாத்தாச்சுன்னு ஒரு கையெழுத்தும்மா.”

அம்சம் பதிவேட்டைப் பார்க்கவில்லை. தண்ணீருக்கடியிலிருந்து அடுத்த அடி வந்துகொண்டிருந்தது.

“இன்னும் பாத்து முடிக்கல பாய்” என்றாள். “அப்பறம் வரச் சொல்லுங்க.”

கரையில் ஜீப்பின் என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.